கல்கி விட்ட இடத்திலிருந்து

'பொன்னியின் செல்வ'னை விடிய விடியப் படித்து முடித்தவர்களுக்கு ஒரு குறை மிஞ்சும். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் கை என்று கல்கி கடைசிவரை பிடி கொடுக்கவில்லை. 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கிய தொடர் 1954 மே மாதம் முடிந்தபோது வாசகர்கள் விடுவதாக இல்லை. அவன் என்ன ஆனான், இவள் எங்கே போனாள் என்று கேட்டார்கள். ஆசிரியர் தனியாக ஒரு முடிவுரை எழுதிச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி அவர் காலமானார்.

மிச்சக் கதை அடுத்து வந்தவர்கள் தலையில் விழுந்தது. கல்கியின் ஐந்து பாகங்களை மேசையில் வைத்துக்கொண்டு மட்டும் அதை எழுதிவிட முடியாது. பழையாறை எங்கே, உடையார்குடி எங்கே என்று கிளம்பிப் போய்த்தான் ஆக வேண்டும்.

கல்கியும் அப்படிக் கிளம்பிப் போனவர்தான். மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்த ஒரு பொழுதில்தான் 'சிவகாமியின் சபத'த்துக்கு விதை விழுந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அஜந்தாவுக்கும் பிறகு இலங்கைக்கும் போனபோது ஓவியர் மணியத்தையும் கூட்டிக்கொண்டு போனார். வாரப் பத்திரிகைத் தொடருக்கு இது ஆடம்பரம் இல்லை, அவசியம். கிரீடம் எப்படி இருந்தது, தூணில் என்ன வேலைப்பாடு, தோளில் என்ன ஆபரணம் என்று வாராவாரம் வரைந்து காட்ட வேண்டும். மணியம் வரைந்த குந்தவையின் கொண்டை இன்றுவரை கல்யாண வீட்டு அலங்காரக்காரர்கள் வரை வந்திருக்கிறது என்றால், அந்தப் பயணச் செலவு வீண் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பார்த்த இடத்தை அப்படியே எழுதியவரும் அல்ல அவர். கதாநாயகன் வந்தியத்தேவனுக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டு குறிக்கிறது. அதற்குமேல் அவனைப் பற்றிய செய்தி அதிகம் இல்லை. அந்தச் சிறு குறிப்பிலிருந்து குதிரை, குறும்பு, பசி, வாய்த்துடுக்கு எல்லாம் கல்கி வளர்த்தெடுத்தார். நந்தினியும் பூங்குழலியும் முழுக்க முழுக்க அவர் படைப்பு. ஆனாலும் கோடியக்கரைக்குப் போகிறவர்கள் குழகர் கோவில் வாசலில் நின்று பூங்குழலியைத்தான் தேடுகிறார்கள். மேலக்கடம்பூரில் சம்புவரையர் மாளிகை எது என்று கேட்பவர்களுக்கும் குறைவில்லை. அங்கே இருப்பது தேர் வடிவில் அமைந்த அருமையான சிவன் கோவில். மாளிகை கல்கியின் தாளில்தான் இருக்கிறது.

கல்கி முடிச்சவிழ்க்காமல் விட்ட கொலைக்குக் கல்லில் ஒரு சாட்சி உண்டு. காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோவில் சுவரில், ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்ட கல்வெட்டு அது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறித்து, அவர்கள் உறவினரின் நிலங்கள் வரை பறிமுதல் செய்து விற்றதைச் சொல்கிறது. கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு நடவடிக்கை. நடுவில் ஆண்ட உத்தம சோழன் ஏன் சும்மா இருந்தான்? வரலாற்றாசிரியர்கள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார்கள். நாவலாசிரியருக்கோ இது தானாக வந்து வாய்த்த கதைக்கரு.

கல்கிக்குப் பின் இந்த வழியில் முதலில் இறங்கியவர்களில் விக்கிரமன் முக்கியமானவர். 'அமுதசுரபி' இதழுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆசிரியராக இருந்தவர். பொன்னியின் செல்வன் முடிந்த இடத்திலிருந்து அவர் தொடர்ந்து எழுதியது 'நந்திபுரத்து நாயகி'. நந்திபுரம் என்பது கும்பகோணத்துக்குப் பக்கத்துப் பழையாறை வட்டாரம். நாதன்கோவில் என்கிற நந்திபுர விண்ணகரம் அங்கேதான் இருக்கிறது. சோழர் குடும்பமே குடியிருந்த அந்த மாநகரம் இன்று வயலும் வாழைத்தோப்புமாகச் சிதறிய சின்னச் சின்ன ஊர்கள். ஒரு கோவிலிலிருந்து அடுத்த கோவிலுக்கு நடந்து பார்த்தால்தான் தலைநகரம் எவ்வளவு அகலம் என்பது காலுக்குத் தெரியும். எந்தச் செப்பேடும் அந்தக் கணக்கைச் சொல்லித் தராது.

பாலகுமாரன் வேறு வழியில் போனார். திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே பழமார்நேரியில் பிறந்த அவருக்கு அந்த மண் புதிதல்ல. கல்கி தொடாமல் விட்ட ராஜராஜனின் ஆட்சிக்காலத்தை, பெரிய கோவில் எழும்பிய ஆண்டுகளை, ஆறு பாகங்களாக 'உடையார்' என்று எழுதினார். 1010இல் முடிந்த அந்தக் கோவிலின் சுவர் ஏறக்குறைய ஒரு அலுவலகப் பதிவேடு மாதிரி. கோவிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயர், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் உண்டு. அரண்மனைச் சதியைவிடக் கல் சுமந்தவன், உளி பிடித்தவன், ஆடியவள் ஆகியோரின் பாட்டைப் பெரிதாக எழுத அவருக்கு இடம் கொடுத்தது அந்தச் சுவர்தான். ராஜராஜனின் தேவி பஞ்சவன்மாதேவியை அவர் நடுநாயகமாக வைத்தார். அவளுக்காக ராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படை என்னும் நினைவுக் கோவில் பட்டீஸ்வரத்தில் இன்றும் நிற்கிறது. மாற்றாந்தாய்க்கு மகன் கட்டிய கோவில் என்ற செய்தியைப் புத்தகத்தில் படிப்பது ஒன்று, அதன் முன்னால் போய் நிற்பது வேறு.

வாசகராகப் புறப்பட்டு எழுத்தாளராகத் திரும்பியவர்களும் உண்டு. பொன்னியின் செல்வன் ரசிகர்களாக ஒன்றுகூடிச் சோழர் கோவில்களுக்குப் பயணம் போன இளைஞர்கள், கல்வெட்டறிஞர் இரா. கலைக்கோவனின் வழிகாட்டலில் படிக்கப் பழகி, 2004இல் 'வரலாறு' மின்னிதழைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான கோகுல் சேஷாத்ரி பிறகு 'ராஜகேசரி', 'சேரர் கோட்டை' நாவல்களை எழுதினார்.

சரி, இதெல்லாம் காவிரிக்கரைக் கதை. சென்னைக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டி லோக்கலில் போய்வரும் மீஞ்சூர்க்காரருக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. வடகாஞ்சி என்று பேர் வாங்கிய மீஞ்சூர் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் திருவாலங்காடும் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேடுகள்தான், அருள்மொழி என்கிற ராஜராஜன் தனக்கு வந்த பட்டத்தைச் சிற்றப்பன் உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்த செய்தியைச் சொல்கின்றன. கல்கியின் கதை உச்சம் பெறும் இடம் அது. கதை தொடங்கும் வீராணம் ஏரியும் தூரத்துச் சொந்தம் இல்லை. வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று வேடிக்கை பார்த்த அந்தத் தண்ணீர், 2004 முதல் நாளுக்குப் பதினெட்டுக் கோடி லிட்டர் திட்ட அளவில் குழாய் வழியாகச் சென்னைக்கு வருகிறது. நகரத்துக்காக உறிஞ்சி உறிஞ்சி மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல் ஏறியதும், 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்ததும் அதே தாகத்தின் இன்னொரு அத்தியாயம்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சரக்கு திருவொற்றியூரில் இருக்கிறது. மீஞ்சூரில் ரயில் ஏறினால் அத்திப்பட்டு, எண்ணூர் தாண்டி இறங்கிவிடலாம். தியாகராஜர் கோவில் என்று ஊரார் சொல்லும் ஆதிபுரீசுவரர் கோவிலின் கருவறை விமானம், தூங்கும் யானையின் பின்புறம் போல வளைந்தது. ராஜேந்திரன் காலத்தில் அதைக் கருங்கல்லில் எடுத்த தச்சன் பெயர் ரவி என்கிற வீரசோழத் தச்சன். எடுப்பித்தவர் சதுரானன பண்டிதர். இந்தப் பட்டம் அங்கிருந்த மடத்தின் தலைவர்களுக்கு வழிவழியாக வந்தது. அந்த வரிசையில் முதல்வரைப் பற்றிய கல்வெட்டுதான் நாவலாசிரியர்கள் மேல் விழுந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

அவர் இயற்பெயர் வல்லபன், கேரள நாட்டவர். கல்வியில் தேர்ந்து சோழ நாட்டுக்கு வந்து, சோழ மன்னன் பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தனுக்கு உற்ற நண்பர் ஆனார். 949இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு நடந்த போரில் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். பொன்னியின் செல்வனில் பெரியவர்கள் எல்லாரும் பெருமூச்சோடு நினைத்துப் பார்க்கும் போர் அதுதான். தலைவனோடு சாக வாய்க்கவில்லையே என்ற வருத்தத்தில் வல்லபன் கங்கையில் நீராடி, நிரஞ்சன குருவிடம் துறவு வாங்கி, சதுரானனர் ஆகித் திருவொற்றியூரில் அமர்ந்தார். கோவிலுக்குப் பொன் கொடுத்துத் தன் பிறந்த நாள்மீனான அவிட்டத்தன்று பூசைக்கு ஏற்பாடு செய்தார். அந்தக் கொடையைச் சொல்லும் கல்வெட்டு எந்த அரசனின் ஆட்சியாண்டைப் போட்டிருக்கிறது தெரியுமா? கன்னரதேவன் என்னும் மூன்றாம் கிருஷ்ணனின் 20ஆம் ஆண்டு. நண்பனைக் கொன்ற படையின் அரசனே அப்போது தொண்டை மண்டலத்துக்கும் அரசன்.

கல்கியின் பாத்திரங்களில் இவர் இல்லை. எழுத நினைப்பவருக்குப் பாதை மட்டும் தெளிவாகக் கிடக்கிறது. ராஜாதித்தன் பாளையம் இறங்கியிருந்த திருநாவலூரில் தொடங்க வேண்டும். அடுத்து பெண்ணைக் கரையில் கிராமம் என்றே பெயர் கொண்ட ஊர். ராஜாதித்தனின் படைத்தலைவன் வெள்ளன் குமரன், அவனும் கேரளத்தான், 943இல் அங்கே கற்கோவில் எடுத்தான். அவனும் சதுரானனரும் ஒரே ஆள் என்று சில ஆய்வாளர்கள் கருதினார்கள், முடிவு ஏற்படவில்லை. பிறகு தக்கோலம், கடைசியில் ஒற்றியூர். சுந்தரரும் திருநாவலூரில் பிறந்து ஒற்றியூருக்கு வந்தவர்தான். அங்கே மகிழ மரத்தடியில் அவர் சத்தியம் செய்து கொடுத்துக் கைப்பிடித்த சங்கிலியார் பிறந்த ஞாயிறு என்னும் ஊர் மீஞ்சூருக்கு மேற்கே இருக்கிறது. பயணத்தில் ஒரு நாள் மிஞ்சினால் அதையும் பார்த்துவிட்டு வரலாம்.