வாங்குவது இணையத்தில், வைப்பது எங்கே?

சைனாடவுனில் ஸ்ரீ மாரியம்மன் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு வழியாக ஆற்றை நோக்கி நடந்தால், கால்மணி நேரத்தில் போட் கீ வந்துவிடும். இப்போது உணவகங்கள் வரிசையாக இருக்கும் அந்தக் கரையில், ஒரு காலத்தில் தோணிகளிலிருந்து அரிசியும் ரப்பரும் மிளகும் இறங்கின. தொடக்க காலத்தில் தோணி ஓட்டியவர்களில் பலர் தமிழ் முஸ்லிம்கள். இறங்கிய சரக்கு பக்கத்திலேயே இருந்த கிடங்குகளுக்குப் போனது.

சற்றுத் தள்ளி, மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பலர் ஆளுக்கொரு மரப்பெட்டியும் கணக்கு மேசையும் வைத்துக்கொண்டு வட்டித் தொழில் நடத்தினார்கள். இரவில் அங்கேயே உறங்கினார்கள். சரக்குக் கூடத்துக்கான சொல்லே அந்த இடத்தின் பெயராயிற்று. ஆங்கிலேயர்கள் சொன்ன ‘கோடவுன்’ என்ற சொல்லும் மலாய் ‘குடாங்’ வழியாகப் போனது. அதன் வேர் தமிழின் ‘கிடங்கு’ அல்லது அதற்கு இணையான தெலுங்குச் சொல் என்பது சொல்லாய்வாளர்கள் பலரின் கருத்து.

இன்று இணையத்தில் வாங்கும் பொருளுக்கும் ஒரு கிடங்கு தேவைப்படுகிறது. அது எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நகர மையத்திலிருந்து வெளியேறிய கிடங்குகள்

சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணி 1977ல் தொடங்கியது. 1983ல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் நகர மறுசீரமைப்பில் மறைந்தன. 1989ல் சைனாடவுனும் லிட்டில் இந்தியாவும் பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. கடைவீடுகள் பிழைத்தன. ஆனால், அவற்றை இடித்துவிட்டுப் பெரிய சரக்குக் கூடம் கட்டும் வாய்ப்பு இல்லாமல் போனது.

சைனாடவுனுக்கு அருகில் உள்ள தஞ்சோங் பகார் டிஸ்டிரிபார்க் துறைமுகச் சரக்குக்காகக் கட்டப்பட்டது. 2022 முதல் சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகம் அங்கே இயங்குகிறது. சரக்கு தங்கிய தளத்தில் இப்போது ஓவியங்கள்.

கடையைவிட அதிக இடம் ஏன்?

கடையில் அலமாரியே பாதிக் கிடங்கு. பொருளை எடுப்பது, பையில் போடுவது, வீட்டுக்குத் தூக்கிச் செல்வது எல்லாம் வாடிக்கையாளரின் வேலை. இணையக் கடையில் இவை அனைத்தும் கிடங்குக்குள் நடக்கின்றன. ஒவ்வோர் அளவும் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாகக் கைக்கு எட்டும்படி இருக்கவேண்டும். பொட்டலம் கட்ட மேசை, ஊர்வாரியாகப் பிரிக்கத் தளம், திருப்பி அனுப்பப்பட்டவற்றைச் சோதிக்க ஒரு மூலை, வேன்கள் நிற்க இடம் என எல்லாம் வேண்டும். இணைய வணிகத்துக்கு வழக்கமான கடை வணிகத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கிடங்கு இடம் தேவைப்படுவதாக அமெரிக்க நிறுவனமான புரோலாஜிஸ் சொல்கிறது. கிடங்கு வாடகையே அதன் தொழில் என்பதை நினைவில் வைத்து இதைப் படிக்கவேண்டும்.

நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் நடப்பில் இருந்த 2020 மே மாதத்தில், சிங்கப்பூரின் சில்லறை விற்பனையில் 24.5 விழுக்காடு இணையம்வழி நடந்தது. கடைகள் திறந்தபின் அந்த விகிதம் இறங்கினாலும், பத்தில் ஒரு பங்குக்கு மேலாகவே நிலைத்துள்ளது.

நிலம் இல்லையென்றால் மாடி

சிங்கப்பூரின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். 2013ல் அரசாங்கம் வெளியிட்ட நிலப் பயன்பாட்டுத் திட்டம், 2030ஆம் ஆண்டுக்குள் வீடுகளுக்கு 13,000 ஹெக்டரும் தொழில், வணிகத்துக்கு 12,800 ஹெக்டரும் தேவைப்படும் எனக் கணித்தது. இரண்டும் கிட்டத்தட்டச் சமம். கிடங்குக்கு ஒதுக்கும் ஒவ்வொரு துண்டு நிலமும் வேறொன்றுக்குக் கிடைக்காத நிலம்.

பல நாடுகளில் கிடங்கு என்றால் பெரும்பாலும் நெடுஞ்சாலையோரம் பரந்து கிடக்கும் ஒற்றைத் தளக் கட்டடம். இங்கே அது மாடிக் கட்டடம். லாரி சுற்றுப்பாதையில் ஏறி, ஒவ்வொரு தளத்திலும் வாசலிலேயே சரக்கை இறக்குகிறது. தெம்பனிசில் சிங்போஸ்ட் 182 மில்லியன் வெள்ளி செலவில் கட்டிய மின்வணிகத் தளவாட மையம் 2016ல் திறக்கப்பட்டது. மூன்று தளங்களில் 553,000 சதுர அடி கொண்ட அது, நாளொன்றுக்கு 100,000 பொட்டலங்களைக் கையாளும் வகையில் அமைக்கப்பட்டது.

விரைவு என்று வரும்போது தூரம் இடைஞ்சலாகிறது. அமேசான் 2017 ஜூலையில் இரண்டு மணி நேர விநியோகத்துடன் இங்கு நுழைந்தபோது, ஜூரோங் ஈஸ்ட்டுக்கு அருகே தோ குவானில் 100,000 சதுர அடி நிலையம் ஒன்றை அமைத்தது. வீடமைப்புப் பேட்டைகளிலிருந்து வெகுதொலைவில் இருந்தால் இரண்டு மணி நேரம் என்ற வாக்கைக் காப்பது கடினம்.

வீவக புளோக்குகளின் கீழ்த்தளங்களுக்கு வந்துவிட்ட பொட்டலப் பெட்டகங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். ஆளில்லாத வீட்டுக்குப் போய்த் திரும்பும் பொட்டலம் அன்றிரவு மீண்டும் கிடங்கில் இடம் பிடிக்கும். பெட்டகத்தில் வைத்துவிட்டால் அந்த இடம் மிச்சம்.

சிறு வணிகருக்கு நெருக்கடி

பெரிய நிறுவனங்கள் தெம்பனிசில் தளம் எடுக்கலாம். சைனாடவுனிலோ தேக்காவிலோ சிறு கடை வைத்திருப்பவருக்குக் கணக்கு வேறு. புடவையோ பாத்திரமோ இணையத்திலும் விற்கத் தொடங்கினால், கடை வாடகை கொடுக்கும் இடத்திலேயே பொட்டலங்களும் குவியும். வாடிக்கையாளர் நின்று பார்க்கவேண்டிய இடத்தை அட்டைப்பெட்டி பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் வைக்கலாமா? வீவக வீட்டில் சிறிய அளவில் தொழில் செய்ய அனுமதி உண்டு. வீட்டைச் சரக்குக் கிடங்காக மாற்ற அனுமதி இல்லை. தொழிற்பேட்டையில் இடம் எடுத்தால் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதி உண்டு. மொத்தத் தளப்பரப்பில் குறைந்தது 60 விழுக்காடு தொழில் அல்லது கிடங்குப் பயன்பாட்டில் இருக்கவேண்டும். எஞ்சியதில் அலுவலகம் போன்ற துணைப் பயன்பாடுகள் இருக்கலாம். நேரில் வருவோருக்கு விற்கும் வழக்கமான கடையை நினைத்தபடி அங்கே திறந்துவிட முடியாது. ஆகவே, இரண்டு வழியிலும் விற்கும் சிறு வணிகர் கடைக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று என இரண்டு வாடகை கொடுக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த இடத்துக்கு அனுமதிக்கப்பட்ட பயன்பாடு எது என்பதை ஆணையத்திடம் உறுதிசெய்துகொள்வது நல்லது.

அடுத்த மாற்றம் சைனாடவுனுக்கு மிக அருகில் வரவிருக்கிறது. தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி துறைமுக முனையங்கள் 2027க்குள் துவாசுக்கு இடம்மாறவேண்டும். காலியாகும் கடலோர நிலம் வீடுகளும் பொழுதுபோக்கு இடங்களும் அமையும் தென்பகுதி நீர்முகப்புத் திட்டத்துக்குப் போகிறது. அங்கே குடியேறும் குடும்பங்களும் இணையத்தில் பொருள் வாங்குவார்கள். அந்தச் சரக்கு துவாசிலிருந்து தீவின் குறுக்கே லாரியில் வரவேண்டும். இல்லையென்றால் புதிய வீடுகளுக்கு நடுவே பொட்டலம் பிரிக்கச் சிறிது இடம் இப்போதே ஒதுக்கப்படவேண்டும்.