இலந்தையைத் தாக்கும் சாம்பல் நோய்: தாங்கும் ரகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மானாவாரி நிலத்தில் பழ மரம் வைக்கணும்னா, முதலில் நினைவுக்கு வருவது இலந்தையும் சீத்தாவும்தான். வறட்சியைத் தாங்கும் இந்த இலந்தை, சாம்பல் நோய் என்ற பூஞ்சையிடம் தோற்றுப்போவது உண்டு. இயற்கை விவசாயம் செய்பவர்களுக்கு இது இன்னும் பெரிய சிக்கல்.

சாம்பல் நோய் என்ன செய்யும்?

பிஞ்சுகள் மேல் திருநீறு பூசியது போல வெள்ளைப் பொடி படியும். பிறகு அந்த இடம் பழுப்பாகி, சொரசொரப்பாகி, வெடிக்கும். பல பிஞ்சுகள் உதிர்ந்துவிடும். தப்பிய பழமும் சந்தையில் விலை போகாது.

வறண்ட பூமியில் பூஞ்சையா?

ஆமாம். இந்தப் பூஞ்சைக்கு இலையில் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. காற்றில் ஈரமும் கொஞ்சம் குளிர்ச்சியும் போதும். வடகிழக்குப் பருவமழையும், அதையடுத்து வரும் பனியும் அதற்கு வசதி. இலந்தையில் பிஞ்சு இருப்பதும் அந்தச் சமயத்தில்தான்.

மருந்தடிச்சா சரியாகாதா?

இயற்கைச் சான்றிதழ் பெற்ற தோட்டத்தில் ரசாயனப் பூஞ்சைக்கொல்லி அடிக்க முடியாது. கந்தகத்துக்குக் கட்டுப்பாட்டுடன் அனுமதி உண்டு. ஆனால் அதை நோய் பரவும் முன்பே, திரும்பத் திரும்ப அடிக்கணும். கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும். அதனால்தான் ரகத் தேர்வு முக்கியம். நட்ட மரம் பல பத்தாண்டுகள் நிற்கும். ரகம் தப்பினால் நஷ்டமும் அத்தனை வருஷம் தொடரும்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

பல ரகங்களை ஒரே நிலத்தில் கலந்து நட வேண்டும். ஒவ்வொரு ரகத்திலும் பல மரங்கள் வேண்டும். நோய்க்குச் சீக்கிரம் ஆளாகும் ஒரு ரகமும் கட்டாயம் இருக்கணும். அதில்கூட நோய் வரவில்லை என்றால், அந்த வருஷச் சோதனையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

பிறகு மதிப்பெண். ஒரு மரத்தில் 50 பிஞ்சுகளைப் பார்த்து, பாதிப்புக்கு ஏற்ப 0 முதல் 4 வரை போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்சம் 200. கூட்டினால் 60 வந்தால், நோய்க் குறியீடு 30 சதவீதம். இதையே குறைந்தது இரண்டு, மூன்று பருவம் பார்க்க வேண்டும்.

‘தப்பிப்பது’ வேறு, ‘தாங்குவது’ வேறு

கோலா சீக்கிரம் பழுக்கும், உம்ரான் தாமதமாகப் பழுக்கும். பனி வருவதற்குள் பிஞ்சுப் பருவத்தைக் கடந்துவிடும் ரகம் சுத்தமாகத் தெரியலாம். அது நோயிடமிருந்து தப்பித்தது, அவ்வளவுதான். மழை முன்னே பின்னே ஆனால் அதுவும் மாட்டலாம். நோய் வந்தும் நல்ல மகசூல் தந்தால்தான் ‘தாங்கும் ரகம்’.

ஒரே ரகத்தை நம்பலாமா?

கூடாது. ஆப்பிளில் ஸ்காப் என்ற பூஞ்சை நோயை எதிர்க்க, ஒரு காட்டு ஆப்பிளின் மரபணுவை வைத்துப் பல ரகங்களை உருவாக்கினார்கள். 1970-ல் வெளியான ‘பிரைமா’ அவற்றில் ஒன்று. பிற்பாடு ஐரோப்பாவில் அந்த எதிர்ப்பையே உடைக்கும் பூஞ்சை வகை வந்துவிட்டது. இலந்தையில் ரகங்களைக் கலந்து வைத்தால், மகரந்தச் சேர்க்கைக்கும் நல்லது.

ஏற்கெனவே நட்டாச்சே, என்ன பண்ணலாம்?

மரத்தை வேரோடு பிடுங்க வேண்டாம். அடிமரத்தை வெட்டி, வரும் புதுத் துளிரில் வேறு ரகத்தின் மொட்டைக் கட்டலாம். பழைய வேர் அப்படியே உதவும். கோடைக் கவாத்தில் நோய் பிடித்த கிளைகளை அகற்றி, காற்றும் வெளிச்சமும் உள்ளே போக விடுங்கள்.

எங்கே கேட்பது?

அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏபிகே 1 சீத்தா ரகம் இங்கிருந்து வந்ததுதான். கன்று வாங்கும் முன் அங்கே கேட்க வேண்டிய கேள்வி, ‘எது அதிகம் காய்க்கும்?’ என்பது மட்டுமல்ல. ‘மருந்தடிக்காம விட்டா, நம்ம ஊர் பனியில எது நிக்கும்?’ என்பதையும் கேளுங்கள்.