ஃபிரீசருக்குள் ஒரு ஜாதகம்

முதலில் காட்டியது ஒரு ஃபிரீசர்! திறந்தால் உள்ளே ஐஸ்கிரீம் இல்லை. கறுப்பு ரப்பர் வில்லைகள், அடுக்கடுக்காக. 3 அங்குலக் குறுக்களவு, 1 அங்குலத் தடிமன். கருகிப்போன குட்டி ஊத்தப்பம் மாதிரி இருந்தன. இதற்குப் பெயர் பக். ஐஸ் ஹாக்கியில் பந்தே கிடையாது, இதுதான் எல்லாம்.

"இதை எதுக்குடா குளிர வைக்கிறீங்க?"

"ஆன்ட்டி, அப்படியே போட்டா குதிக்கும். உறைஞ்சா சமத்தா வழுக்கிட்டுப் போகும்."

சொன்னது என் தோழியின் மகன். டென்வர் பல்கலைக்கழகத்தில் படிப்பு, அங்கேயே மேக்னஸ் அரீனா என்ற ஐஸ் ஹாக்கி அரங்கில் பகுதிநேர வேலை. 2024 மார்ச்சில் நான் அங்கே போன வாரம்தான் டென்வரில் பனி கொட்டித் தீர்த்தது. வெளியே முழங்கால் வரை வெள்ளை. "உள்ளே வாங்க, கதகதப்பா இருக்கும்" என்று அவன் கூட்டிப்போன இடம் இன்னொரு பனித்தளம். விளையாடுகிறானோ!

எனக்கு ஹாக்கி என்றால் கோவில்பட்டி. வெயில், புழுதி, வளைந்த மட்டை. இங்கே 200 அடி நீளத்தில் பளபளவென்று ஒரு கண்ணாடித் தரை. அதன்மேல் ஜம்போனி வண்டி ஊர்ந்து ஐஸைச் சீவி, மேலே தண்ணீர் பூசிக்கொண்டு போகிறது. அது வெந்நீராம்! வெந்நீர் ஊற்றினால்தான் பழைய கீறலோடு இழைந்து வழவழவென்று உறையுமாம். ஃபிராங்க் ஜம்போனி என்பவர் இதைக் கண்டுபிடித்தது பனிக்குப் பேர்போகாத தெற்குக் கலிபோர்னியாவில், 1949இல். அந்த வண்டி ஒரு சுற்று முடிக்கும்வரை நான் வாயைப் பிளந்து நின்றேன். ஆட்டத்தைவிட இதற்கே டிக்கெட் வாங்கலாம்.

மைதானத்துக்குப் பின்னால் உள்ள நடைபாதை இருக்கிறதே, அங்கேதான் நிஜமான ரகசியமெல்லாம். ஒருவர் ஸ்கேட் பிளேடுகளைச் சாணை பிடிக்கிறார், தீப்பொறி பறக்கிறது. இன்னொரு பக்கம் காய்கிற கையுறைகள். அந்த வாடையை எழுதிப் புரியவைக்க முடியாது. மழைக்காலத்தில் நாலு நாள் மூடிவைத்த ஈரச் சாக்ஸை நினைத்துக்கொள்ளுங்கள், அதைப் பத்தால் பெருக்குங்கள். ஒரு மட்டை மூலையில் சாய்ந்திருந்தது. அதன் அடிப்பகுதியில் கறுப்புத் துணி டேப், ஒரு சுருக்கம் இல்லாமல், தலை பின்னியதுபோலச் சுற்றியிருந்தது. தொடப் போனேன். "ஆன்ட்டி, ப்ளீஸ்!" என்று பதறிவிட்டான் பையன். அவரவர் மட்டைக்கு அவரவரே டேப் சுற்றுவார்களாம், அடுத்தவர் கை படக்கூடாதாம். சாமி அறை மடி தோற்றது.

அன்று இரவு என் நோட்டில் டென்வர் பல்கலைக்கழக அணிக்கு ஒரு ஜாதகம் கணித்தேன். பலம்: கோல் மழை. அந்த சீசனில் நாட்டிலேயே அதிகமாகக் கோல் அடித்த கல்லூரி அணி டென்வர்தான், ஆட்டத்துக்குச் சராசரி நாலரைக்கு மேல். ஜாக் டிவைன் அடிப்பார், மாசிமோ ரிஸோ எடுத்துக் கொடுப்பார். முதல் வருஷ மாணவர் ஸீவ் புயியம் பேருக்குத்தான் டிஃபென்ஸ், எதிரணி கோல் வாசலிலேயே குடியிருப்பார். முக்கால் நிமிஷத்துக்கு ஒருமுறை ஆட்டம் நிற்காமலே ஆள் மாறும். வேலி தாண்டி ஒருவர் இறங்க, ஒருவர் ஏற, நாலு வரிசையும் சுழலும். கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் உள்ள ஊர் வேறு, வந்தவர்களுக்கு மூச்சு வாங்கும்.

பலவீனம்: கோல் வாங்குவதிலும் அதே தாராளம். "பின்வரிசை: ஓட்டை. கோலி மேட் டேவிஸ்: சந்தேகம்" என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன். பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த பையன் ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் மட்டும் பிடித்துக்கொண்டான்.

தேசியப் பட்டத்துக்கான நாக்அவுட் சுற்றுக்கு யார் போவார்கள் என்பதே ஒரு தனி ஜோசியம். 60க்கும் மேற்பட்ட அணிகளில் 16க்குத்தான் இடம். ஆறு லீக் சாம்பியன்கள் நேராக உள்ளே. மிச்சம் பத்துப் பேரை அந்த சீசனில் பேர்வைஸ் என்ற கணக்கு தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு அணியையும் மற்ற எல்லா அணியோடும் ஜோடி ஜோடியாக நிறுத்தி ஒப்பிடுவது. எங்கோ யாரோ தோற்றால் இங்கே நம் இடம் நகரும். டென்வருக்கு அந்தக் கவலை இல்லை, லீக் கோப்பையை வென்றே போனார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு தோல்வி போதும், மூட்டை கட்டவேண்டியதுதான்.

இனி கோச் கதை. டேவிட் கார்ல். 2008இல் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் நேரத்தில் இவருக்கு இதயத் தசை தடித்த நோய் என்று தெரியவந்தது. ஆட்டம் அத்தோடு சரி. என்னை எடுக்காதீர்கள் என்று அணிகளுக்குச் சொல்லியும், டம்பா பே அணி கடைசிச் சுற்றில், மரியாதைக்காக, இவர் பெயரை வாசித்தது. டென்வர் பல்கலைக்கழகமும் உதவித்தொகையை நிறுத்தவில்லை. ஆடாத அந்தப் பையன் மாணவ உதவிப் பயிற்சியாளர் ஆனார், 28 வயதில் தலைமைப் பயிற்சியாளர்.

இதற்குமேல்தான் எனக்குக் கிறுகிறுத்தது. 2024 ஜனவரியில் ஸ்வீடனில் முடிந்த உலக ஜூனியர் போட்டியில் அமெரிக்காவுக்கும் இவர்தான் கோச். தங்கம் வென்ற அந்த அணியில் புயியம் இருந்தார். கூடவே பாஸ்டன் காலேஜின் கட்டர் கோதியே, வில் ஸ்மித், ரயன் லெனர்ட், கேப் பெரோ! எதிரி வீட்டு அடுப்படியில் சில வாரம் சமைத்துவிட்டு வந்த மாதிரி. அந்த பாஸ்டன் காலேஜ்தான் அந்த வருஷம் நாட்டின் நம்பர் 1. கோதியே மட்டும் 38 கோல்.

நான் ஊர் திரும்பிவிட்டேன். நாக்அவுட் தொடங்கியது, என் ஜாதகம் தலைகீழ். கோல் மழையைக் காணோம்! மாசசூசெட்ஸை 2-1, அதுவும் இரண்டாவது கூடுதல் நேரத்தில். கார்னெலை 2-1. அரையிறுதியில் பாஸ்டன் யூனிவர்சிட்டியை, அதாவது அந்த வருஷத்தின் சிறந்த வீரர் விருது பெற்ற 17 வயது மேக்லின் செலிப்ரினியின் அணியை, மறுபடி 2-1, மறுபடி கூடுதல் நேரம். கூடுதல் நேரத்துக்குப் போன இரண்டு ஆட்டத்திலும் வெற்றி கோல் டிரிஸ்டன் ப்ராஸுடையது.

இறுதிப் போட்டி செயின்ட் பாலில் ஏப்ரல் 13 சாயங்காலம். சென்னையில் அது சித்திரை 1, இன்னும் விடியவில்லை. வேப்பம்பூவைச் சுத்தம் செய்தபடி வாட்ஸ்அப் வீடியோவில் பையனோடு உட்கார்ந்தேன். இரண்டாவது பீரியடில் ஜாரெட் ரைட் ஒன்று, ரீகர் லோரன்ஸ் ஒன்று. 2-0. மூன்றாவது பீரியட் முழுக்க பாஸ்டன் காலேஜ் மட்டும்தான் ஆடியது. அடி, அடி, அடி. அந்த 20 நிமிஷத்தில் மட்டும் டேவிஸ் தடுத்தது 23. காலை நீட்டி ஒன்று, மல்லாந்து ஒன்று, எப்படி என்றே தெரியாமல் ஒன்று. மொத்தம் 35, ஒன்றுகூட உள்ளே போகவில்லை. நாலு ஆட்டத்தில் அந்த "ஓட்டை" விட்டது மூன்றே கோல். டென்வருக்குப் பத்தாவது தேசியப் பட்டம், வேறெந்தக் கல்லூரிக்கும் இல்லாத எண்ணிக்கை. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது டேவிஸுக்கு.

அடுப்பில் மாங்காய்ப் பச்சடி அடிப்பிடித்திருந்தது.

அரை மணி நேரத்தில் பையனிடமிருந்து ஒரு படம் வந்தது. அவனுடைய போனின் முகப்புத் திரை. என் கையெழுத்து, என் அடிக்கோடு: "கோலி மேட் டேவிஸ்: சந்தேகம்." கீழே, "ஹேப்பி நியூ இயர் ஆன்ட்டி."