பழைய காருக்கு எக்ஸெலில் விலை போடுவோம்

பந்தல்குடி நண்பர் ஒருவர், மகளின் கல்லூரிக்கு வைத்திருந்த பணத்தில் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கத் துடித்தார். "கம்ப்யூட்டர்ல விலை பார்த்துச் சொல்லுங்கண்ணே" என்றார்.

1961 முதல் சென்னையில் தயாரான கார் இது. ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கித்தான் 1962-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. எனவே இரண்டுக்கும் சோதனை ஏறக்குறைய ஒன்றுதான்.

எக்ஸெலைத் திறந்து, முதல் கட்டத்தில் நன்றாக ஓடும் ஹெரால்டின் விலையைப் போடுங்கள். விளம்பரத்தில் உள்ளது கேட்கும் விலைதான். விற்ற விலையை விசாரியுங்கள். அதன்கீழ் ஒவ்வொரு பழுதுக்கும் மெக்கானிக் சொல்லும் செலவு. செலவுக் கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஆட்டோசம் க்ளிக் செய்து, வரும் கூட்டுத்தொகையை முதல் கட்டத்திலிருந்து கழியுங்கள்.

பெயின்ட் பளபளப்பை நம்பாதீர்கள். வண்டிக்கு அடியில் படுத்து, சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தால் துரு தின்றிருக்கலாம். நம் கரிசல் காட்டு வெயிலில் துரு குறைவு. ஆனால் வண்டி தூத்துக்குடி உப்புக்காற்றில் பல வருடம் நின்றிருந்தால்? முன்சக்கர ட்ரன்னியனுக்கு கிரீஸ் அல்ல, கியர் ஆயில்தான் விட வேண்டும். விடாமல் ஓட்டியிருந்தால் அது தேய்ந்து, ஓட்டத்திலேயே சக்கரம் சாய்ந்துவிடும். சேஸிஸ் எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் கணக்கே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

நண்பருக்கு வந்த விடை, கேட்ட விலையில் பாதிக்கும் கீழே. அந்தத் தாளைப் பிரின்ட் எடுத்துக்கொண்டுதான் பேரம் பேசப் போயிருக்கிறார்.