டிக்கிக்குள் ஒரு தயிர்ப்பானை

“டிக்கியில் இரண்டு சேனல் ஆம்ப் மாட்டியிருக்கிறேன். அதை பிரிட்ஜ் பண்ணினால் சப்வூஃபருக்கு நான்கு மடங்கு வாட் கிடைக்கும் என்கிறார் கடைக்காரர். நிஜமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கணக்குப்படி நிஜம்தான். கடைக்காரர் சொல்லாமல் விட்டதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

முதலில் அட்டைப்பெட்டியில் அச்சடித்த வாட்டை ஓரங்கட்டிவிடுவோம். டாஷ்போர்டில் இருக்கும் சாதாரண ஸ்டீரியோவே ‘4 சேனல், தலா 50 வாட்’ என்று மார்தட்டும். இன்ஜின் ஓடும்போது காரில் இருப்பது ஏறக்குறைய 14.4 வோல்ட். அதை அப்படியே 4 ஓம் ஸ்பீக்கரில் போட்டால் 51.8 வாட். பாட்டு பாட்டாக இல்லாமல், உச்சிக்கும் பாதாளத்துக்கும் தாவும் வெறும் சதுர அலையாக இருந்தால் இந்த 50 வரும். காது பொறுக்கும் சைன் அலைக்கு இதில் பாதிதான். அதுவும் நஷ்டமே இல்லாத கற்பனை சர்க்யூட்டில். சந்தேகப்படுபவர்கள் ஸ்டீரியோவின் பின்பக்கத்தைப் பார்க்கலாம். செருகியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் ஃபியூஸின் தலையில் பெரும்பாலும் 10 அல்லது 15 என்று இருக்கும். 10 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 144 வாட். வெளியே 200 வாட் விடாமல் எங்கிருந்து வரும்?

இனி பிரிட்ஜ். சாதாரண இணைப்பில் ஸ்பீக்கரின் ஒரு முனை எர்த்தில் கிடக்கும். மறுமுனையை மட்டும் ஆம்ப் ஆட்டும். 14.4 வோல்ட்டுக்குள் ஆட வேண்டுமென்றால் நடுவிலிருந்து மேலே 7.2, கீழே 7.2. இதில் 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கிடைப்பது ஆறரை வாட். பிரிட்ஜில் எர்த்துக்கு வேலையில்லை. சும்மா கிடந்த முனையை இன்னொரு ஆம்ப் பிடித்துக்கொண்டு நேர் எதிராக ஆட்டும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். ஸ்பீக்கருக்குக் குறுக்கே வோல்ட் இரட்டிக்கிறது, அதனால் கரண்டும் இரட்டிக்கிறது. ஆறரை வாட் 26 ஆகிறது.

தயிர் கடைவதை நினைத்துக்கொள்ளுங்கள். (மிக்ஸியில் மோர் அடிக்கும் தலைமுறை பாட்டியிடம் கேட்டுக்கொள்ளலாம்.) மத்தில் சுற்றிய கயிற்றுக்கு இரண்டு முனை, இரண்டு கை. வலது கை இழுக்க இடது கை விட்டுக்கொடுத்தால் மத்து சுழலும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஒரே அளவு இழுத்தால் கயிறு விறைக்குமே தவிர மத்து சுழலாது. என்னைச் சொக்க வைப்பது இந்தச் சுழலாமைதான். பாட்டு இல்லாத நேரத்தில் இரண்டு ஆம்புகளும் தங்கள் முனையை 7.2 வோல்ட்டில் விறைப்பாகப் பிடித்திருக்கின்றன. இரு பக்கமும் சமம் என்பதால் ஸ்பீக்கருக்குள் துளி கரண்ட் போகாது. ஒற்றைக் கை ஆம்பில் இந்த 7.2 வோல்ட்டை மறிக்கவே ஒரு பெரிய கெப்பாசிட்டரை நிறுத்தி வைக்க வேண்டும். அது பேஸிலும் கொஞ்சம் தின்றுவிடும். பிரிட்ஜில் அந்தக் காவலாளி தேவையே இல்லை.

இன்னும் கொஞ்சம் கடையலாம். இரண்டு கை சேர்ந்து மத்தை இரட்டை வேகத்தில் சுழற்றும்போது தயிரும் இரட்டிப்பாக எதிர்க்கிறது. ஆகவே ஒவ்வொரு கைக்கும் பானை இருமடங்கு கெட்டி. மின்சாரத்தில் இதற்குப் பொருள், 4 ஓம் சப்வூஃபர் ஒவ்வொரு சேனலுக்கும் 2 ஓமாகத் தெரிகிறது. 2 ஓம் சப்வூஃபரைக் கட்டினால் 1 ஓம். அதைத் தாங்காத ஆம்பில் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும். தாங்கினாலும் வால்யூமை எல்லை மீறித் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டு ஆலகாலம் கிளம்பும். விழுங்க நீலகண்டன் வரமாட்டார். வாய்ஸ் காயில்தான் விழுங்கிக் கருகும்.

டிக்கி ஆம்ப் 14.4 வோல்ட்டோடு நிற்பதில்லை. பேட்டரியின் நேர்மின்சாரத்தை வேகமாகத் துண்டித்துத் துண்டித்து, வளைய டிரான்ஸ்ஃபார்மரில் உயர்த்திக்கொள்கிறது. 1930இல் கால்வின் சகோதரர்கள் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்க ஆரம்பித்த காலத்தில் வால்வுகளுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் தேவைப்பட்டது, கார் பேட்டரியோ 6 வோல்ட். பிறகு வந்த ரேடியோக்களில் இதே துண்டிப்பு வேலையை ‘வைப்ரேட்டர்’ என்ற இரும்பு நாக்கு விர்ரென்று செய்தது. வரலாறு இவ்வளவு போதும்.

இப்போது கடைக்காரரின் நான்கு மடங்கு. உள்ளே பிளஸ் 30, மைனஸ் 30 வோல்ட் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சேனல் 4 ஓமுக்குத் தருவது 112 வாட், பிரிட்ஜில் 450. அதே சேனல் 2 ஓமுக்கு 225 தரும்; இரண்டு சேனலையும் கூட்டினால் அதே 450! பிரிட்ஜ் புதிதாக எதையும் உற்பத்தி செய்யவில்லை. இரண்டு சேனலும் ஏற்கெனவே தரக்கூடியதை ஒரே ஸ்பீக்கரில் கொட்டுகிறது, அவ்வளவே. வயரை எந்தத் திருகில் மாட்டுவது என்று ஆம்பின் நெற்றியில் கோடு போட்டிருப்பார்கள். பெரும்பாலும் ஒரு சேனலின் பிளஸ், மற்றதன் மைனஸ். கோடும் இல்லை, கையேட்டிலும் இல்லை என்றால் பிரிட்ஜ் பண்ணவே கூடாது.

450 வாட் வெளியே வர, திறமையான டி கிளாஸ் ஆம்புக்கே 40 ஆம்பியர் வேண்டும். பானெட்டிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர் என்று வைத்தால், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் வழியிலேயே 0.86 வோல்ட் போய்விடும். கார்ப்பெட்டுக்கு அடியில் 34 வாட் அடுப்பு. 16 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு 0.2 வோல்ட்தான். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரைச் செம்பு என்று தலையில் கட்டுவார்கள். முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருக்கும். எர்த்தை பாடியில் முடுக்கும் இடத்தில் பெயின்ட்டையும் அப்படியே சுரண்டிவிட வேண்டும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒன்றரை அடிக்குள். டிக்கியில் வைத்தால் நடுவழியில் வயர் உரசி ஷார்ட்டாகும்போது அது வேடிக்கைதான் பார்க்கும்.

இவ்வளவும் செய்து 225 வாட்டை 450 ஆக்கினால் காதுக்குக் கிடைப்பது 3 டெசிபெல். சத்தம் இரட்டிப்பாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். சப்வூஃபருக்குள் போகும் சக்தியில் ஒலியாக மாறுவது பெரும்பாலும் ஒரு சதவீதம்கூட இல்லை, மிச்சம் சூடு. சூடான செம்பின் மின்தடை ஏறுவதால், நேரம் ஆக ஆக அந்த 3 டெசிபெல்லிலும் கொஞ்சம் கரையும். அதே மொத்த வாட்டை ஒன்றுக்குப் பதில் ஒரே ரக சப்வூஃபர் இரண்டுக்குப் பங்கிட்டால், பேஸில் ஏறக்குறைய அதே 3 டெசிபெல் கூடுகிறது. சூடும் இரண்டாகப் பிரிகிறது. டிக்கியில் இடம்தான் போகும்.