ஹெடருக்குள் ஒரு பில்லை

துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஹெடர்களின் (பல ட்யூப்கள் வந்து சேரும் பெரிய குழாய்களின்) உட்புறத்தைப் பார்க்க வளையும் வீடியோஸ்கோப் வாங்கப் போகிறாராம். எத்தனை மெகாபிக்சல் இருந்தால் நல்லது என்று கேட்கிறார். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள் ஐயா. உள்ளே எதைத் தேடப்போகிறோம் என்பதிலிருந்து தொடங்குவோம்.

ஹெடரில் வட்டமாக வெட்டித் துளை எடுக்கும்போது நடுவிலிருந்து ஒரு பில்லை கழன்று வரும். அது உள்ளே விழுந்து, யாரும் கவனிக்காமல் முனைகளை மூடி வெல்டிங் வைத்துவிட்டால், வினை பாய்லர் ஓடத் தொடங்கிய பிறகுதான் தெரியும். நீராவி அதை நகர்த்திக்கொண்டு போய் ஏதாவதொரு ட்யூபின் வாயில் உட்கார வைக்கும். அந்த ட்யூபில் ஓட்டம் குறையும். வெளியே அடிக்கும் சூடு குறையாது. உள்ளிருந்து குளிர்விக்க வழியில்லாத குழாய் இளகி, உப்பி, நீளவாக்கில் கிழியும். கிழிசலின் விரிந்த உதடுகளைப் பார்த்து ‘மீன் வாய்’ என்பார்கள். ஒரு பில்லைக்காக மொத்த யூனிட்டையும் நிறுத்த வேண்டிவரும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, கருவி நுழையப்போகும் துளை. கருவியின் குழாய் 4, 6, 8 மில்லிமீட்டர் தடிமன்களில் கிடைக்கிறது. எங்கும் நுழையும் என்று சொல்லி 4 மில்லிமீட்டரை விற்றுவிடுவார்கள். ஆனால் ஹெடரின் உள்வெளி அகலமானது, இருண்டது. மெல்லிய குழாயில் வெளிச்சம் குறைவு. தள்ளினால் துவண்டும் போகும். துளை இடம் கொடுத்தால் 6 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். முனை நான்கு பக்கமும் வளைய வேண்டும். அடுத்தது சூடு. பி91 உருக்கை 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றித்தான் வெல்டிங் செய்கிறோம். பெரும்பாலான கருவிகளின் முனையோ 100 டிகிரிக்கே திணறும்.

கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தை வளைத்துக் கொண்டுவர முடியும் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாப்கின்ஸும் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் 1954-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அந்த வழியில் வந்த ஃபைபர்ஸ்கோப்பில் ஓர் இழை முறிந்தால் படத்தில் ஒரு கரும்புள்ளி விழும். இன்று கேமராச் சில்லே முனையில் உட்கார்ந்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

தீராத தொல்லை வேறொன்று. எனக்கு இந்தக் கருவியில் ஓயாத வியப்பும் அதுதான்: திரையில் தெரிவது எதற்கும் அளவு கிடையாது. முனை அருகே போனால் மணல் துணுக்கு பாறையாகத் தெரியும். தள்ளி நின்றால் விரிசல் வெறும் கீறலாகிவிடும். கண் ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணைக் கட்டியிருந்த நாட்களில் என் அப்பா தம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுவார். ஒற்றைக் கண்ணுக்குத் தொலைவு பிடிபடுவதில்லை.

அதற்காகத்தான் ஸ்டீரியோ முனை. ஒரே இடத்தைச் சற்று விலகிய இரண்டு கோணங்களில் படமெடுத்து, இரண்டுக்கும் உள்ள இடப்பெயர்ச்சியிலிருந்து தொலைவையும் அளவையும் கணக்கிடுகிறது. தொலைவு இரண்டு மடங்கானால் தொலைவுக் கணக்கில் பிழை ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே கிட்டே போய்த்தான் அளக்க வேண்டும். பில்லை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்க இது தேவையில்லை. வெல்டிங் வேரின் பள்ளம் எத்தனை ஆழம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டுமானால் தேவை. எத்தனை தொலைவிலிருந்து எத்தனை தொலைவு வரை படம் தெளிவாக இருக்கும் என்பதையும் கேளுங்கள். அந்த எல்லைக்கு வெளியே எத்தனை மெகாபிக்சலும் மங்கல்தான்.

வாங்கிய பின் நடப்பதுதான் மனத்தை வருத்துகிறது. ஆய்வு அதிகாரி வரும் நாளில் மட்டும் பெட்டியைத் திறக்கிறார்கள். வளைத்த முனையை நேராக்காமலே வெளியே இழுக்கிறார்கள்; துளையின் விளிம்பில் மாட்டி, முனையை வளைக்கும் மெல்லிய கம்பிகள் நீள்கின்றன, அறுகின்றன. குழாயை இறுகச் சுருட்டிப் பெட்டி மூடியில் நசுக்குகிறார்கள். கருவியைப் பிடிக்கும் தம்பிக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுப்பதைச் செலவு என்று நினைக்கிறார்கள். வெல்டருக்குச் சான்றிதழ் கேட்கும் நாம், அவர் வேலையைப் பார்க்கும் கண்ணுக்கு எதுவும் கேட்பதில்லை. ஹெடரை மூடி வைப்பதற்கு முன்பே பார்த்துவிட்டால் பில்லையைக் கையால் எடுத்துவிடலாம். பிறகென்றால் வெட்டித் திறக்க வேண்டும்.

விற்பவரை உங்கள் பட்டறைக்கே வரச் சொல்லுங்கள். உங்கள் ஹெடரில் அவர் கையாலேயே இயக்கிக் காட்டட்டும். முனை பழுதானால் எங்கே அனுப்புவார், திரும்பிவர எத்தனை வாரமாகும், அதுவரை மாற்றுக் கருவி தருவாரா என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள்.