கப்பலை இழுக்கும் கப்பல்



மழைக்காலத்தில் தோட்டத்து மண்சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி சேற்றில் புதைந்துவிட்டால் டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி கட்டி இழுக்கிறோம். அந்த டிராக்டரே பழுதாகிக் கிடந்தால் குலைகள் ஆலைக்குப் போய்ச் சேரா. “கடலில் கப்பல் நின்றுபோனால் யார் இழுப்பார்கள், சார்?” என்று நம் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. அதற்கும் ஒரு கப்பல்தான் வரவேண்டும். அப்படிப்பட்ட இழுவைக் கப்பல்கள் முதுமையடைந்தபோது அமெரிக்கக் கடற்படைக்கு நேர்ந்த சங்கடத்தை இன்று பார்ப்போம்.

2000ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் ஏமன் நாட்டு ஏடன் துறைமுகத்தில் ‘கோல்’ என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல் எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்தது. வெடிமருந்து ஏற்றிய சிறு படகு ஒன்று அதன் அருகில் வந்து வெடித்தது. 17 மாலுமிகள் மாண்டனர். கப்பலின் பக்கத்தில் ஒரு வீடே நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. எஞ்சியவர்கள் இரவு பகலாகத் தண்ணீரை இறைத்துக் கப்பலை மூழ்காமல் காத்தனர். ஆனால் ஊர் போய்ச் சேருவது எப்படி? கப்பலையே முதுகில் சுமந்து செல்லும் ‘புளூ மார்லின்’ என்ற பெரிய கப்பலை வாடகைக்கு அமர்த்தினார்கள். அது தன் தளத்தை நீருக்குள் அமிழ்த்தி, மேலே வந்து நிற்கும் கப்பலைத் தூக்கிக்கொள்ளும். அதற்கு ஆழமான கடல் வேண்டும். துறைமுகத்திலிருந்து ஆழ்கடல்வரை ‘கோல்’ கப்பலை இழுத்துச் சென்றது ‘கட்டாபா’ என்ற இழுவைக் கப்பல். அன்று அதற்கு ஏறக்குறைய இருபது வயது. செப்பனிடப்பட்ட ‘கோல்’ 2002இல் மீண்டும் கடலுக்குத் திரும்பியது.

இழுப்பது என்றால் கயிறு கட்டி இழுப்பதுதானே என்று நாம் எண்ணுவோம். அதில்தான் வித்தை இருக்கிறது. கம்பிவடம் விறைப்பாக இருந்தால் பெரிய அலை வந்து இரு கப்பல்களையும் எதிரெதிரே தள்ளும்போது அறுந்துபோகும். ஆகையால் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு எஃகு வடத்தை விடுவார்கள். அதன் எடையே அதைக் கடலுக்குள் தொய்ய வைக்கும். துணி காயும் கொடி நடுவில் தொங்குவதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை இழுக்கும்போது முதலில் அந்தத் தொய்வு நிமிரும். வடத்துக்கு அடி விழாது. கரையை நெருங்கினால் தொய்ந்த வடம் கடலடியில் உராயும், ஆதலால் சுருட்டிக் குறைக்கவேண்டும். இதற்கென்றே பின்தளத்தில் ராட்சத உருளை ஒன்று இருக்கிறது. அது பழசானால் கப்பலே பயனற்றதாகிவிடும். வடம் அறுந்தால் சாட்டைபோல் திரும்பி வந்து ஆளைக் கொன்றுவிடும் என்பதால், இழுக்கும் வேளையில் அதன் வழியில் எவரும் நிற்கக்கூடாது.

கட்டாபாவின் வகையில் ஏழு கப்பல்கள் இருந்தன. அவை 1979 முதல் 1981 வரை பணியில் சேர்ந்தவை. இழுப்பதில் கெட்டிக்காரக் கப்பல்கள். ஆனால் முக்குளித்து மீட்கும் வேலைக்கு வேறு வகை வேண்டியிருந்தது. அதற்காக 1985, 1986ஆம் ஆண்டுகளில் நான்கு மீட்புக் கப்பல்கள் வந்தன. முக்குளிப்பவர்கள், பாரந்தூக்கி, தீயணைக்கும் கருவி எல்லாம் அவற்றில் உண்டு. 1996இல் நியூயார்க் அருகே பயணிகள் விமானம் ஒன்று கடலில் விழுந்து 230 பேர் மாண்டபோது, உடல்களையும் விமானத்தின் பகுதிகளையும் மேலே கொண்டுவர அவற்றில் ‘கிராஸ்ப்’, ‘கிராப்பிள்’ ஆகிய இரண்டும் சென்றன. உடல் கிடைத்தால்தான் பெற்றவர்கள் அடக்கம் செய்யமுடியும். இந்த வேலைக்கு விலை மதிப்பிட நம்மால் ஆகாது.

நமக்குப் பக்கத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 2017 ஆகஸ்ட் 21இல் சிங்கப்பூர் நீரிணைக்குக் கிழக்கே ‘ஜான் எஸ். மெக்கெய்ன்’ என்ற நாசகாரி, எண்ணெய்க் கப்பல் ஒன்றோடு மோதிப் பத்து மாலுமிகளை இழந்தது. அது தன் சொந்த இயந்திரத்தாலேயே சாங்கி கடற்படைத் தளத்தை அடைந்துவிட்டது. நீர் புகுந்த அறைகளுக்குள் முக்குளிப்பவர்கள் இறங்கித் தேடினார்கள். எல்லாக் கப்பலுக்கும் அப்படிச் சொந்த இயந்திரம் கைகொடுக்காது.

இரு வகையும் முதுமையடைந்தன. 2016இல் மீட்புக் கப்பல்களில் இரண்டு பணியிலிருந்து நீங்கின. இழுப்பதையும் மீட்பதையும் ஒரே கப்பலில் சேர்த்துவிடலாம் என்று கடற்படை முடிவு செய்தது. சுமார் 80 மீட்டர் நீளமுள்ள புதிய வகைக்கு ‘நவஹோ’ என்று அமெரிக்கப் பழங்குடி மக்களின் பெயர் வைக்கப்பட்டது. முதல் கப்பலுக்கு 2018இல், 6 கோடியே 35 லட்சம் டாலருக்கு, லூயிசியானாவில் உள்ள கப்பல் கட்டும் தளத்தோடு ஒப்பந்தமானது. 2020இல் முடியவேண்டிய வேலை. 2021இல் அந்தத் தளமே வேறு நிறுவனத்துக்குக் கைமாறியது. அதே ஆண்டில் ஐடா புயல் அம்மாநிலத்தைத் தாக்கியது. பெயர்சூட்டு விழா 2023இல்தான் நடந்தது. பழைய மாட்டை விற்றுவிட்டு, புதிய மாடு சந்தையிலிருந்து வரும்வரை வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த கதை இது. சண்டைக் கப்பலுக்கு முதலிடம் கொடுப்பவர்கள் இழுவைக் கப்பலைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள் என்பது நம் எண்ணம்.

தனியார் இழுவைக் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தலாமே என்று கேட்பீர்கள். அமர்த்துவதும் உண்டு. ஆனால் இழுக்கும் கப்பல், பின்னால் பாரம் இருக்கும்போது சைக்கிள் வேகத்தில்தான் போகும். எதிரி வந்தால் ஓடமுடியாது. ‘நவஹோ’ என்ற பெயரில் முன்பும் ஓர் இழுவைக் கப்பல் இருந்தது. 1943 செப்டம்பரில் பசிபிக் கடலில் எண்ணெய்ப் படகை இழுத்துச் செல்கையில், ஜப்பானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது. அத்தகைய கடலுக்கு, வாடகைக்கு வந்த மாலுமிகளைப் போகச் சொல்வது எளிதன்று.